அரியமுத்து வீட்டு டெலிபோன்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு ராஜா என்று தொடங்கினால் கேட்கிறவர்களுக்குத் தெம்பாக இருக்கும். இந்தக் கதைக்கு ராஜாவும் வாய்க்கவில்லை, ஊரும் வாய்க்கவில்லை. ஒரே ஒரு மலையடிவாரத்தில் ஒரே ஒரு டெலிபோன் இருந்ததாம். ஏழு கடல் தாண்டாவிட்டாலும் ஏழெட்டு ரயிலும் லாரியும் மாறி வந்த வீராதி வீரர்களெல்லாம் அதற்கு முன்னால் மூக்கு ஒழுக வரிசையில் நின்றார்களாம். அந்த வரிசையின் நடுவில், கமுதிப் பக்கம் கருவேலங்குடியிலிருந்து பட்டாளத்துக்கு வந்த வில்லாயுதம், கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, முன்னால் நிற்கிற முதுகுகளை ஒவ்வொன்றாக வெறுத்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வெயில் பார்ப்பதற்கு வெயில் மாதிரி இருந்ததே தவிர அதில் சூடு இல்லை, கள்ள வெயில். தூரத்தில் பீரங்கி ஒன்று யாரோ பெரிய மனுஷன் செருமுகிற மாதிரி அவ்வப்போது செருமியது. டெலிபோன் இருந்த கூடாரத்துக்குள் அப்போது பேசிக்கொண்டிருந்தவன் ஒரு மலையாளத்து லான்ஸ் நாயக். உதடு வெடித்து ரத்தம் கோத்திருந்த வாயால் இங்கே பரம சுகம் என்று பெண்டாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இவனுக்கு முன் பேசினவனும் அதைத்தான் சொன்னான். அவனுக்கு முன் பேசினவன், நேற்று முழுக்க வாந்தி எடுத்தவன், சாப்பாடு பிரமாதம் என்று சிரித்தே பேசினான். ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், மூன்று நிமிடமும் பொய்க்கே போதவில்லை இந்தப் பயல்களுக்கு. வாசலில் விசிலும் கையுமாக நின்ற ஹவில்தார் சுகுமாரன், அவரும் மலையாளத்துக்காரர்தான், மணிக்கு ஒரு தரம் கலப்புத் தமிழில் பாடம் ஒப்பித்தார்: "தம்பிமாரே, வீட்டில் சந்தோஷம் மட்டும் சம்சாரிச்சால் மதி. எங்கே இருக்கோம், எங்கே போறோம், ஒண்ணும் மிண்டக் கூடாது, பேசவே கூடாது, கேட்டோ." எங்கே இருக்கிறோம் என்பது படத்தோடு பேப்பரில் வருகிறது, டீக்கடையில் அதை விரித்துப் போட்டு பஜ்ஜி தின்கிறார்கள். ஆனால் பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாதாம்.

வில்லாயுதம் சொல்ல வேண்டிய பொய்யைத் தனியாகத் தயாரிக்க வேண்டியதில்லை, அது எப்போதோ தயார். பதான்கோட்டில் குடோனில் இருக்கிறேன், உருளைக்கிழங்கு உரிக்கிறேன், துப்பாக்கியைக் கண்ணால் பார்த்தே நாளாச்சு. முதல் வாரம் இதைச் சொன்னபோது தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமைப்பட்டான். அப்போது அவன் அப்பா சேதுமாணிக்கம் உயிரோடு இருந்தார். அப்பாவுக்கு டெலிபோன் என்றால் பயம். ரிசீவரைப் பாம்பைப் பிடிக்கிற மாதிரி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு "சாப்ட்டியா?" என்று ஒரே ஒரு வார்த்தை கத்துவார். அதற்குப் பிறகு பேச்சே கிடையாது, மூச்சு மட்டும். பீடி அடைத்த நெஞ்சிலிருந்து வருகிற கரகர மூச்சு. வேறு எதற்கும் இல்லாமல் அந்த மூச்சுக்காகவே வில்லாயுதம் சும்மா நிற்பான், அரை நிமிடமோ என்னவோ போகும், போகட்டும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூச்சு வரவில்லை. "அப்பா சந்தைக்குப் போயிருக்காக" என்றாள் அம்மா. கமுதிச் சந்தை செவ்வாய்க்கிழமை. வில்லாயுதம் அதைக் கவனித்தான், கவனித்துவிட்டு விட்டுவிட்டான். கவனித்துவிட்டு விட்டவன். அதை இப்போது நினைத்தால் பல் கூசியது, குளிரினால் என்று சொல்லிக்கொண்டான். நாலைந்து நாள் கழித்து, சாப்பாட்டு வரிசையில், பக்கத்து ஊர் அந்தோணியார்புரத்துப் பையன் அமலதாஸ், தட்டில் பருப்பு விழுந்த கையோடு, "அண்ணே, எங்கம்மா உங்க வீட்டுக்குத் துட்டி கேக்கப் போயிட்டு வந்தாகளாம், கடுதாசி போட்டிருக்காக. ரொம்ப வருத்தமா இருக்குண்ணே, வரப்புல உக்காந்தவரு அப்படியே எந்திரிக்கலையாமே" என்றான். யார் சாவுக்குத் துட்டி என்று கேட்கிற முட்டாள்தனத்தை மட்டும் வில்லாயுதம் செய்யவில்லை. "ஆமா" என்றான். ஆமா. தெரிந்தவன் மாதிரி. தட்டிலிருந்த சோற்றை முழுக்கத் தின்றான், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கியும் தின்றான். அமலதாஸ் ஒரு லொடலொட வாய். எதையும் அடக்கத் தெரியாதவன். மலையை மலை என்றும் பனியைப் பனி என்றும் அம்மாவிடம் ஒப்பிக்கிறவன். அப்படிப்பட்ட வாயிலிருந்துதான் அப்பா செத்த சேதி, பருப்போடு சேர்த்து விழ வேண்டும் என்று இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் சொன்னதையெல்லாம் அவன் கேட்டான், ஒரு வார்த்தை எதிர்ப்பேச்சு பேசாமல். அப்பா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிருக்காக. அப்பா மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்காக, எந்த மாமா என்று மட்டும் கேட்டுராதப்பா. யார் எழுதிக் கொடுக்கிற வசனம் என்று அவனுக்குத் தெரியும். ரைஸ்மில் அரியமுத்து. கருவேலங்குடியில் டெலிபோன் இருக்கிற ஒரே வீடு. டெலிபோனுக்குப் பூப்போட்ட துணியில் சட்டை தைத்துப் போட்டிருக்கிற வீடு. அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு, அதை அமுக்கினால் பேசுகிறவன் குரல் கூடம் முழுக்கக் கேட்கும். அரியமுத்து ஞாயிறு தவறாமல் அமுக்கினார். எதிர்வீட்டுக்காரர்கள், மேலத்தெருக்காரர்கள், ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற பெண்கள், எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்து சிப்பாய் பேசுவதைக் கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி கேட்பார்கள், பொரிகடலைகூட இருக்குமோ என்னவோ. புருஷன் பெண்டாட்டி பேசுகிறபோது யாராவது தொண்டையைச் செருமுவார்கள். காளீஸ்வரிக்கும் அவனுக்கும் கல்யாணமாகி இரண்டு லீவுதான் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். அவளிடம் அவன் பேசிய பேச்செல்லாம் அந்தக் கூடத்துக்குப் பாதி, அவளுக்குப் பாதி. அவளும் அளந்துதான் பேசுவாள். நல்லா இருக்கேன். மழை இல்லை. அத்தை நல்லா இருக்காக. இதைச் சொல்ல ஒரு பெண்டாட்டி எதற்கு, ரேடியோ போதும். அரியமுத்து சொல்லியிருப்பார், அவன் காதில் விழுகிற மாதிரியே தெரிந்தது, விரலை ஆட்டி ஆட்டி: "அங்க சண்டை நடக்குது. சேதி தெரிஞ்சா பையன் கை நடுங்கும். கை நடுங்குனா என்ன ஆகும்? தேசத்துக்காக நாம இதைக்கூடச் செய்யக் கூடாதா?" ஊரே தலையாட்டியிருக்கும். செத்தவனைத் தேசத்துக்காக உயிரோடு வைத்திருக்கிற ஊர். சீ. ஒரு மனுஷன் செத்துப்போனால் செத்துப்போய்விட்டான் என்று சொல்வதற்குக்கூட நெஞ்சில்லாத கூட்டம், தெருவுக்குத் தெரு வீரத்தைப் பற்றிப் பேசும்.

வரிசை ஒரு முதுகு நகர்ந்தது. ஷூவுக்குள் விரல்கள் எங்கோ தூரத்தில் வேறு யாருக்கோ சொந்தமாக இருந்தன. மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை வந்தது, மண்ணெண்ணெய் வாடை வந்தால் ஏன் அந்த நினைப்பு வருகிறது, சுடுகாட்டு விறகுக்கு ஊற்றுவார்கள், அதனால்தான், சரி, வேறு நினை. வேறு நினைக்க வரவில்லை. செத்ததுகூடப் பெரிதில்லை, சொல்லாததுகூடப் பெரிதில்லை, கொள்ளி வைத்தது யார்? அதுதான் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி நாக்கு போய்ப் போய் இடிக்கிற இடம். ஒரே மகன் இங்கே நிற்கிறான். பேரப்பிள்ளை இல்லை. மகன் இல்லாவிட்டால் பங்காளி. பங்காளி என்றால் பெரியப்பா மகன் பூமிநாதன் ஒருத்தன்தான். அந்தப் பூமிநாதனும் அவன் அப்பனும் ஒரு வருஷம் மழை பொய்த்தபோது இரவோடு இரவாகக் கண்மாய் மடையைத் தங்கள் வயல் பக்கம் திருப்பிவிட்டு, அப்பாவுடைய நாற்றங்காலைக் கருகவிட்டார்கள். அப்பா கருகின நாற்றை ஒரு பிடி பிடுங்கி அவர்கள் வாசலில் போட்டுவிட்டு வந்தார், சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. வில்லாயுதம் பட்டாளத்துக்குக் கிளம்பிய அன்றைக்கு, பஸ் வரப்போகிற நேரத்தில், அப்பா வேறு எந்த ஆசீர்வாதமும் செய்யாமல், "நான் போறன்னைக்கு எங்கிட்டு இருந்தாலும் வந்துருடா. அந்தப் பய கையில என்னைக் குடுத்துராத" என்றார். வில்லாயுதம் சிரித்தான். "போற நேரத்துல என்னப்பா பேச்சு" என்றான். பஸ் வந்தது. ஏறிவிட்டான். சிரித்துக்கொண்டே ஏறிவிட்டான். அவனுக்கும் வாய்த்திருக்கிறது ஒரு வாய், தேவைப்படுகிற நேரத்தில் சிரிக்கிற வாய்.

பூமிநாதனுக்கு ஒரு மீசை உண்டு. மீசை என்றால் சாதாரண மீசை இல்லை. இரண்டு பக்கமும் கிடா கொம்பு மாதிரி ஏறி நிற்கும், எண்ணெய் போட்டு, சீப்பு போட்டு, சலூன் கண்ணாடிக்கு முன்னால் அரைநாள் நின்று வளர்த்தது. கொள்ளி வைக்கிறவன் தலையையும் மீசையையும் மழிக்க வேண்டும். அதனால், நன்றாக யோசித்துப் பார்த்தால், அப்பா சாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலே, தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமலே, ஒரு கேள்வி கேட்டால் போதும். பூமிநாதண்ணன் மீசை எப்படி இருக்கு? அவ்வளவுதான். ஊரே வாயடைத்துப் போகும். மீசை போயிருந்தால் அப்பா அந்தக் கையால்தான் எரிந்தார். போகவில்லை என்றால்? போகவில்லை என்றால் வேறு யார்? அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நினைப்பு நொண்டியது. எப்படியும் போயிருக்கும். அம்மாவுக்கு ஏது அவ்வளவு நெஞ்சழுத்தம், அரியமுத்து ஆட்டினால் தலையாட்டுகிற அம்மா. ஊர் நாலு பேர் சொன்னால் சரிங்க என்கிற அம்மா. கூப்பிடு பூமிநாதனை என்று அவர்கள் சொல்லியிருப்பார்கள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பாள். பக்கத்தில் காளீஸ்வரி, அவளும் ஊமை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள், மழித்த முகத்தோடு அந்தப் பயல் குடத்தைத் தோளில் வைத்து நடந்திருப்பான், மடை திருப்பின கையால். இதையெல்லாம் நினைக்க நினைக்க வில்லாயுதத்துக்கு உடம்பு சூடேறியது. அது ஒருவகையில் சௌகரியமாகவும் இருந்தது, ஏனென்றால் கோபம் இல்லாத நேரத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று சாயங்காலம் லாரி. லாரிக்குப் பிறகு நடை. நடைக்குப் பிறகு கயிறு பிடித்து ஏற்றம். எதிரே கறுப்புப் பல் வரிசை மாதிரி தெரிகிற அந்த மலைக்கு மேலே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், கல்லை உருட்டிவிட்டாலே போதும் அவர்களுக்கு. மீசை, மீசையை நினை.

"அண்ணே, மேல ரொம்பக் குளிருமாமே, மூத்திரம் கீழ விழுறதுக்குள்ள கட்டியாயிருமாமே" என்றான் பின்னாலிருந்த அமலதாஸ். "அப்ப நீ பேசுறதும் கட்டியாகி விழும், எல்லாருக்கும் நிம்மதி" என்றான் வில்லாயுதம். அமலதாஸ் அதற்கும் சிரித்தான். இவனை மட்டும் எதுவும் தைக்காது. "எங்கம்மாட்டச் சொன்னேன்ணே, மேல ஏறப்போறோம்னு போன வாரமே சாடைமாடையாச் சொல்லிட்டேன். அழுதுச்சு. அப்புறம் கால்ல எத்தனை சாக்ஸ் போட்டிருக்கன்னு கேட்டுச்சு. நீங்க வீட்டுல சொல்லலையாண்ணே?" சொல்வதென்றால் என்ன சொல்வது, அப்பாவை நாலு வாரமாகச் சந்தைக்கும் விசேஷத்துக்கும் அனுப்புகிறவர்களிடம் நான் ஏன் உண்மை பேச வேண்டும் என்றா? அவனுக்கு ஒரு விஷயத்தில் திருப்தி இருந்தது. அவன் பொய் நல்ல பொய். பயத்தைப் போக்குகிற பொய். அவர்கள் பொய் கேவலமான பொய். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. என்ன வித்தியாசம் என்று விளக்கச் சொன்னால் இப்போது அவகாசமில்லை. "அடுத்தது" என்றார் சுகுமாரன்.

கூடாரத்துக்குள் ஆபரேட்டர் தலைநிமிராமல் நம்பரைக் கேட்டான். கறுப்பான கனத்த ரிசீவர், முன்னால் பேசினவனின் எச்சில் ஈரம் அதில் இன்னும் காயவில்லை. அழைப்பு எங்கோ ஆகாயத்துக்குப் போய் விழுந்து எழுந்து மணி அடித்தது, முதல் மணியிலேயே எடுக்கப்பட்டது. "ஹலோ! கருவேலங்குடி! அரியமுத்து பேசுறேன்! ஜெய்ஹிந்த் தம்பி! எல்லாரும் இருக்கோம்ப்பா, பேசுறது எல்லாருக்கும் கேக்கும், தைரியமாப் பேசு!" கூடத்தின் இரைச்சல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது, குழந்தை ஒன்றின் சிணுங்கல், ஃபேனின் கடகடப்பு. பிறகு அம்மா. செவிடர்களிடம் பேசுகிற குரல். "வில்லு! ஏப்பா வில்லு! சாப்ட்டியாப்பா?" அது அப்பாவின் கேள்வி. அதையும் எடுத்துக்கொண்டாளா. "சாப்ட்டேன்" என்றான். "அப்பா எங்க?" "அப்பாவா? கண்மாய்க்குப் போயிருக்காகப்பா, மடையில தண்ணி எப்படிப் போகுதுண்டு பாத்துட்டு வர்றேன்னு." ஆனி மாசம். கண்மாயில் ஆடு படுத்துக் கிடக்கும் இந்த மாசத்தில், தண்ணீராம், மடையாம். ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லக்கூட இவர்களுக்குத் தெரியவில்லை, அதிலும் மடை, அந்த மடை. வில்லாயுதத்தின் வாய் தானாகத் திறந்தது. "ஆத்தா, பூமிநாதண்ணன் மீசை எப்படி இருக்கு?" அந்தப் பக்கம் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ஃபேன் மட்டும் ஓடியது. "தம்பி, லைன் சரியில்ல போலிருக்கு, அங்க வெதர் அப்படி" என்று அரியமுத்து இடையில் விழுந்தார். "குடுங்க இங்கிட்டு" என்று ஒரு குரல். வளையல் சத்தம், எதுவோ உருண்டது, டக்கென்று ஒரு பொத்தான், கூடம் முழுக்க ஒரு நொடியில் காணாமல் போனது. காதுக்குள் காளீஸ்வரி மட்டும் இருந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவள் குரலை அவன் டெலிபோனில் கேட்டதே இல்லை. "நாந்தான்" என்றாள். "எப்பருந்து தெரியும்?" "ஆச்சு, கொஞ்ச நாளாச்சு." "ம். தெரிஞ்சும் வாராவாரம் கேட்டுக்கிட்டே இருந்தீகளாக்கும்." அவன் கேட்ட கேள்விக்கும் அவளே பதில் சொன்னாள். "அவுக மீசை அப்படியேதான் இருக்கு. கதவுகிட்ட நிக்கிறாக, எண்ணெய் வடியுது." வில்லாயுதம் பெட்டியைப் பிடித்துக்கொண்டான், ஆபரேட்டர் நிமிர்ந்து பார்த்தான். "அப்ப கொள்ளி யாரு?" "யாருமில்ல. எரிக்கல. அத்தை விடல." அவள் அவசரப்படாமல், அடிக்குரலில், அன்றாட வேலையைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஊரு கூடிருச்சு. உங்க பூமிநாதண்ணன் குளிச்சு ஈரவேட்டியோட வந்து நின்னுட்டாக. ரைஸ்மில்காரரு, கூட நாலு பெரிய ஆளுக, எல்லாரும் சொன்னாக. அத்தை சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு பாடைக்குக் குறுக்க உக்காந்துட்டாக. தீ வைக்கணும்னா எம்மகன் வரணும், வராட்டி மண்ணு, அடுத்தவன் கை பட்டா நானும் இதுலயே படுத்துருவேன்னுட்டாக. பொழுது சாயிற வரைக்கும் எந்திரிக்கல. பெறகு நம்ம மேட்டுப் புஞ்சையிலதான் குழி வெட்டுனது. எரிக்கிற வழக்கமுள்ள ஊருல புதைச்சா கேவலம்னு இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காக. இந்தக் கூடத்துல உக்காந்துதான் பேசுறாக." தலையாட்டுகிற அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிற அம்மா. அவன் நாலு வாரமாக மனசுக்குள் நிற்க வைத்திருந்த அம்மாவின் இடத்தில் பாடைக்குக் குறுக்கே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "இப்ப நான் ஒண்ணு கேக்கவா?" என்றாள் காளீஸ்வரி. "கேளு." "பக்கத்துல யாருக்கும் கேக்காது. நெசத்தைச் சொல்லுங்க. எங்க இருக்கீக?" வாசலில் சுகுமாரன் இருமினார். எதிரே கூடார இடுக்கில் மலை தெரிந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஏதோ ஒன்று நெஞ்சு வரை ஏறி வந்தது. வாய் வேறு யாருடையதோ. "பதான்கோட்டுலதான்" என்றான். "குடோன்லதான் இருக்கேன், வேற எங்க?" அவள் சிரித்தாள். சிரிப்பென்று சொல்ல முடியாது, மூக்கால் விட்ட காற்று. "குடோன்ல உருளைக்கிழங்கு உரிக்கிற ஆளா இருந்தா, மாமா போன அன்னைக்கே தந்தி குடுத்திருப்போம்ல. உங்களுக்கு எதுக்கு மறைக்கணும்?" ஆமாம். எதற்கு மறைக்க வேண்டும். எத்தனை நாளாக எத்தனை பேரை எத்தனை விதமாக வெறுத்தான், அரியமுத்துவின் வசனத்தைக்கூட அவனே சொல்லிப் பார்த்தான், இந்த ஒரு கேள்வி மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை. "காளி..." என்றான். "அந்தோணியார்புரத்துக்காரம்மா எப்பவோ வந்து சொல்லிட்டாக. நீங்க மலைக்குக் கீழதான் இருக்கீகன்னு. நீங்களாச் சொல்லுவீக, சொல்லுவீகன்னுதான் வாராவாரம் இந்தச் சனத்துக்கு நடுவுல வந்து உக்காந்தேன். சரி, உரிங்க. வைக்கிறேன்." வைத்துவிட்டாள். ஆபரேட்டர் கடிகாரத்தைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். அன்று முழுக்க வந்தவர்களில் நேரத்தை மிச்சம் வைத்த முதல் ஆள் இவன்தான்.

வெளியே வந்தான், மறுபடி உள்ளே போகத் திரும்பினான், சுகுமாரன் கையைக் குறுக்கே போட்டார். "ஒரு ஆளுக்கு ஒரு கால், தம்பி. பாதியில் வெச்சாலும் அது ஒரு கால் தன்னே." "சார், ஒரே ஒரு நிமிஷம்." "பின்னால் ஆள் நிற்குந்து கண்டில்லே?" "சார், ஒரு வார்த்தை சார்." தன் குரலைத் தானே கேட்டான். போன வாரம் இதே மாதிரி கெஞ்சின ஒருத்தனைப் பார்த்து, பிச்சைக்காரப் பயல் என்று நினைத்தது ஞாபகம் வந்தது. அவன் முகம்கூட நினைவில்லை, முதுகுதான். அமலதாஸ் பின்னாலிருந்து, "சார், என் கால் அண்ணனுக்கு. நான் எங்கம்மாட்ட ஒரு மாசத்துக்குச் சேத்துப் பேசிட்டேன், இனி பேசுனா அதுவே வச்சிரும்" என்றான். சுகுமாரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். வில்லாயுதம் நன்றி சொல்லவில்லை. இந்த லொடலொட வாய்க்கு நன்றி சொல்ல நேர்ந்ததே என்பதை ஜீரணிக்க அவனுக்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும், அவ்வளவு காலம் கிடைக்குமா என்று தெரியவில்லை. ரிசீவரை எடுத்தான். இந்தத் தரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலிக் கூடத்தில் அடிக்கிற மணிக்கென்று ஒரு சத்தம் உண்டு போல, அது இங்கே வரை கேட்டது. கடைசியில் எடுத்தது அரியமுத்து. ஜெய்ஹிந்த் இல்லை. "யாரு? வில்லாயுதமா?" "காளி இருக்காளா?" "இல்லப்பா. உங்கம்மா கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு இப்பத்தான் எறங்கிப் போச்சு. எல்லாரும் கலைஞ்சுட்டாக. நான் மட்டுந்தான் இருக்கேன்." நான் மட்டும்தான். உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், கடைசியில் இந்த ஆள். டெலிபோனுக்குச் சட்டை தைத்த ஆள், செத்த மனுஷனைச் சந்தைக்கு அனுப்பின ஆள், ஈரவேட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆள். ஆபரேட்டர் கடிகாரத்தைப் பார்த்தான். "நான் பதான்கோட்டுல இல்லைங்க" என்றான். "இன்னைக்குச் சாயங்காலம் மேல ஏறுறோம். எனக்குப் பயமா இருக்குங்க. இதை அவகிட்டச் சொல்லணும்." வாசலில் நின்ற சுகுமாரன் தலையைத் திருப்பினார், அவருக்கு இவ்வளவு தமிழ் தெரியும், பிறகு மலையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார். அரியமுத்து அறிவுரை சொல்வார், தேசத்தைப் பற்றி ஏதாவது சொல்வார், சொல்லட்டும், என்று வில்லாயுதம் காத்திருந்தான். "இதை எப்படிப்பா நான் சொல்றது?" என்றார் அரியமுத்து. குரல் சின்னதாகிவிட்டிருந்தது, அந்த வீட்டுக்கே பொருந்தாத குரல். "நீ சொன்னாத்தான் சரி. வச்சிராத. தெருமுக்கு தாண்டியிருக்காது. இரு, வச்சிராத, நானே போய்க் கூட்டியாறேன்." ரிசீவரை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. ஃபேன் ஓடியது. செருப்பைக் காலால் தேடுகிற சத்தம், ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் தடுமாறுகிற சத்தம். பிறகு அந்தக் கனத்த உடம்பு கூடத்தைக் கடந்தது, இழுத்து இழுத்து, தரையைத் தேய்த்துக்கொண்டு, நடக்கக்கூடத் தெரியாத ஆள், ஓடப் பழக்கமில்லாத ஆள், ஓடப் பார்த்தார். படியில் ஒரு தட்டு. வாசல் மண்ணில் சரசரவென்று நாலைந்து எட்டு. "ஏத்தா காளீஸ்வரி!" என்று ஒரு கூப்பாடு. இன்னும் கொஞ்சம் தள்ளி, செருப்புச் சத்தம். அதற்கும் தள்ளி.